மைனஸ் வருதுங்க டீச்சர்

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த வாரம். ஒன்பதாம் வகுப்புக்கு, மூன்று பக்கத்தை வைத்து முக்கோணத்தின் பரப்பளவு காண்கிற ஹீரோன் சூத்திரம் நடத்தி முடித்திருந்தேன். லீவில் பாதி மறந்திருக்கும், ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஆனால் முந்தின நாள் ராத்திரி வரைக்கும் வீட்டில் ஒறம்பறை. எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பி, கடைசி வட்டலைக் கழுவிக் கவிழ்த்தபோது மணி பத்தே முக்கால். உட்கார்ந்து கேள்வித்தாள் எழுதத் தெம்பில்லை. போனை எடுத்து, ‘ஒன்பதாம் வகுப்பு, ஹீரோன் சூத்திரம், ஐந்து கணக்கு, விடையோடு’ என்று ஓர் ஏஐ செயலியிடம் கேட்டேன். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் வந்துவிட்டது. முதல் இரண்டைப் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தன. மீதியை அப்படியே எழுதிக்கொண்டு படுத்துவிட்டேன்.

இருபத்து நான்கு வருசமாகக் கணக்கு டீச்சர். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது கணக்கு இது: 5 செ.மீ., 7 செ.மீ., 13 செ.மீ. பக்கங்கள் கொண்ட முக்கோணத்தின் பரப்பளவு காண்க. விடை 16.06 ச.செ.மீ. என்று செயலி கொடுத்திருந்தது.

மறுநாள் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 34 பேரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிசம் போயிருக்கும். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். வகுப்பில் அதிகம் வாய் திறக்காத பிள்ளை. அப்பா, அம்மா இரண்டு பேருமே திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள்.

“மைனஸ் வருதுங்க டீச்சர்.”

“எங்க கண்ணு மைனஸ் வருது? திரும்பப் போட்டுப் பாரு.”

“மூணு தடவை போட்டுட்டனுங்க. ரூட்டுக்குள்ள மைனஸ் வருதுங்க.”

போய்ப் பார்த்தேன். அரைச்சுற்றளவு 12.5. அதில் 5 போனால் 7.5, 7 போனால் 5.5, 13 போனால் மைனஸ் 0.5. நான்கையும் பெருக்கினால் வர்க்கமூலத்துக்குள் குறை எண். அந்தப் பிள்ளை அத்தோடு விடவில்லை. தாளின் பின்பக்கம் 13 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, ஒரு முனையிலிருந்து 5 செ.மீ.க்கும் மறுமுனையிலிருந்து 7 செ.மீ.க்கும் காம்பஸில் வில் போட்டிருந்தாள். இரண்டு வில்லுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி.

“ரெண்டும் தொடவே மாட்டேங்குதுங்க.”

எப்படித் தொடும்? ஐந்தும் ஏழும் பன்னிரண்டு. பதின்மூன்றை எட்டாது. முக்கோணத்தில் எந்த இரண்டு பக்கத்தைக் கூட்டினாலும் மூன்றாவதைவிட எச்சாக இருக்கவேண்டும் என்பதை இதே பிள்ளைகளுக்கு நானேதான் குச்சி வைத்துக் காட்டி நடத்தியிருக்கிறேன். உலகத்திலேயே இல்லாத ஒரு முக்கோணத்துக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் பரப்பளவு கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது செயலி. நானும் அதைப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

கணக்கை அழித்தேன். “டீச்சர் தப்பா எழுதிட்டேன்” என்று சொன்னேன். அது பாதி உண்மை. மீதியை அடுத்த நாள் சொன்னேன்.

பொழுதோடு வீட்டில் தாள் திருத்தும்போதுதான் எனக்கு நிஜமாகவே திக்கென்றது. அழிக்கும் முன்பே அந்தக் கணக்கை முடித்திருந்தவர்களில் 11 பேர் 16.06 என்று எழுதியிருந்தார்கள். பார்த்து எழுதவில்லை, தாங்களாகவே போட்டு வந்த விடை. எப்படியென்றால், மைனஸ் வந்த இடத்தில் அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டார்கள். 0.5 என்று எடுத்துக்கொண்டால் பெருக்குத்தொகை 257.8125, மூலம் எடுத்தால் 16.06. சில தாள்களில் அந்தச் சின்னக் கோட்டை ரப்பரால் அழித்த தடம்கூடத் தெரிந்தது. கேள்வி டீச்சர் கொடுத்தது, அதில் தப்பு இருக்காது, அப்படியானால் இந்த மைனஸ்தான் தப்பு என்று பிள்ளைகள் யோசித்திருக்கிறார்கள். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அந்தப் பதினொரு பேரும் செயலியும் வந்து நின்ற இடம் ஒன்றே. நடுவில் இழை அறுந்தது, யாரும் நிற்கவில்லை, துணி மட்டும் நெய்து முடிந்துவிட்டது.

இழை என்று எழுதும்போதே தறிக்குப் போய்விட்டேன் பாருங்கள். நான் சோமனூர்ப் பக்கத்துப் பெண். அப்பா எட்டு விசைத்தறி போட்டிருந்தார், எல்லாம் கூலிக்கு. பாவு என்கிற நீளவாட்டு நூலும் ஊடை என்கிற குறுக்குவாட்டு நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார், நாம் காடாத் துணி நெய்து கொடுத்து மீட்டர் கணக்கில் கூலி வாங்கவேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கும் அண்ணனுக்கும் ஊடை நூலைத் தாரில் சுற்றுகிற வேலை. வாய்ப்பாடு படித்ததும் அங்கேதான். எட்டுத் தறியும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அதனால் கத்திப் படித்தேன். இன்றைக்கும் வகுப்பில் என் குரல் அடுத்த கட்டடம் வரைக்கும் கேட்கிறது என்று தலைமையாசிரியர் குறைபட்டுக்கொள்கிறார்.

பழைய தறிக்கு ஒரு குணம். பாவில் ஒரு இழை அறுந்தால் அதற்குத் தெரியாது. டக்கு டக்கு என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்த இழை பக்கத்து இழைகளின்மேல் விழுந்து பின்னிக்கொள்ளும், துணியில் நீளத்துக்கு ஒரு கோடு விழும், சமயத்தில் ஊடையைக் கொண்டுபோகிற நாடாவே இடறும். ஓட்டுகிறவர் கண்ணில் படுவதற்குள் ஒரு முழம் நெய்திருக்கும். அந்தத் துணியைத்தான் ஜவுளிக்காரர் மடிப்பு மேசையில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக் கூலியில் பிடித்தம் போடுவார்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். திடீரென்று தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். “நாலாவது தறியில என்னமோ போயிருச்சு, ஓடிப் போய் நிறுத்து கண்ணு.” எட்டுத் தறியின் இரைச்சலில் ஒரே ஒரு இழை அறுந்தது அவருக்கு எப்படிக் கேட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தறியை நிறுத்தியதும் வருவார், அறுந்த முனையைத் தேடி எடுப்பார், எச்சிலைத் தொட்டு முடி போட்டு, அச்சுக்குள் இழுத்துவிட்டுத் திரும்ப ஓட்டச் சொல்வார். பத்து நொடி வேலை.

இப்போது அண்ணன் வைத்திருப்பது ஆட்டோ தறி. பாவின் ஒவ்வொரு இழையிலும் மெல்லிசாக ஒரு உலோகத் தகடு தொங்கிக்கொண்டிருக்கும். இழை விறைப்பாக இருக்கும்வரை தகடு மேலே நிற்கும். அறுந்தால் தகடு கீழே விழும், மின்சுற்று சேரும், தறி நின்றுவிடும், மேலே விளக்கு எரியும். ஆயிரக்கணக்கான தகடுகள், அத்தனைக்கும் அந்த ஒரே வேலைதான். வேகத்துக்காக இந்தத் தறி வாங்கினார் என்று ஊரில் சொல்வார்கள். அண்ணனைக் கேட்டால், “அது நிக்குது பாரு, அதுக்குத்தான் காசு” என்பார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் கணக்கு டீச்சருக்கு அழகில்லை. கம்ப்யூட்டரின் பாட்டன் முறை உறவு தறிதான். சென்னிமலைப் பக்கம் போர்வை நெய்கிறவர்களிடம் ஜக்கார்டு பெட்டி பார்த்திருப்பீர்கள். ஓட்டை போட்ட அட்டைகளை மாலை மாதிரிக் கோத்து மேலே தொங்கவிட்டிருப்பார்கள். எந்த இழை மேலே தூக்க வேண்டும், எது கீழேயே இருக்கவேண்டும் என்பதை அந்த ஓட்டைதான் சொல்லும். பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. அதைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன்னுடைய கணக்கு இயந்திரத்துக்கும் அட்டை வைக்கத் திட்டம் போட்டார். ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வதுபோல இந்த இயந்திரம் இயற்கணிதம் நெய்யும் என்று 1843இல் பாபேஜோடு சேர்ந்து வேலை செய்த கணிதக்காரர் ஏடா லவ்லேஸ் எழுதினார். நெசவாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் முகத்தில் வரும் சந்தோசத்தைப் பார்க்கவேண்டும்.

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

தப்பு என்பது கணக்கு வாத்தியாருக்கு என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. சிவப்பு மையால் பெருக்கல் குறி போடுவதோடு எங்கள் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். ஒரு பிள்ளை 52−27 = 35 என்று போட்டிருந்தால் அது கவனக்குறைவு இல்லை. இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறாள். அவளுக்குள் ஒரு விதி இருக்கிறது: பெரியதிலிருந்து சின்னதைக் கழி. அந்த விதியின்படி அவள் போட்டது சரி. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்கிறவனுக்குப் பின்னம் என்பது ஒரே எண் இல்லை, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு எண். சரியான விடை எழுதிய முப்பது பேரும் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். தப்பாக எழுதியவர்கள்தான் தனித்தனி ஆட்களாகத் தெரிவார்கள். அந்தத் தப்பைப் பிடித்துக்கொண்டுதான் நான் அவர்கள் மண்டைக்குள் போகவேண்டும், எனக்கு வேறு வாசல் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் கல்விப் பக்கம் முதன்முதலில் எட்டிப் பார்த்த காலத்திலேயே இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பிரௌன், பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளைகள் கழித்தலில் செய்யும் தப்புகள் கண்டபடி வருவதில்லை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தவறான வழிமுறை ஒழுங்காக ஓடுகிறது என்று காட்டினார்கள். ‘பக்கி’ (Buggy) என்று ஒரு கம்ப்யூட்டர் நிரல். அது ஒரு பிள்ளை மாதிரித் தப்பாகக் கணக்குப் போடும். ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவர்கள் அது எந்தத் தப்பு விதியில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எனக்குப் பி.எட். படிக்கும்போது இப்படி ஒன்று கையில் கிடைத்திருந்தால் முதல் ஐந்து வருசம் பிள்ளைகளை அவ்வளவு திட்டியிருக்க மாட்டேன்.

இப்போது கையில் இருப்பது வேறு சாமான். சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30. எங்கள் பள்ளிக்கு அது வந்து சேர ஒரு வருசம் பிடித்தது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்தது நோட்டுகளில்தான். வீட்டுப்பாட நோட்டுகள் திடீரென்று சுத்தமாகிவிட்டன. வரி வரியாக, ‘எனவே’, ‘ஆகவே’, ‘இதிலிருந்து நாம் அறிவது’ என்று. அதற்கு முன்னால், ‘வண்டி எத்தனை மணிக்கு ஊர் சேரும்’ என்ற கணக்குக்கு, ‘மொத தூரத்த வேகத்தால வகுக்கோணும்’ என்று பேசுகிற மாதிரியே எழுதிவைப்பார்கள். திருத்தித் திருத்தி அலுத்திருக்கிறேன். அது போனபிறகு, நோட்டைப் பார்த்தால் எந்தப் பிள்ளை எழுதியது என்றே தெரியவில்லை. முன்பெல்லாம் அட்டையில் பெயர் பார்க்காமலே சொல்வேன். வீட்டுப்பாடத்தில் எல்லாரும் நூறு, பரீட்சையில் பாதிப் பேர் நாற்பது. நடுவில் என்ன நடந்தது என்பதற்கான தடம் மட்டும் எங்கேயும் இல்லை.

இது என் புலம்பல் மட்டும் இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில், கிட்டத்தட்ட ஆயிரம் மாணவர்களை வைத்து, கணக்குப் பாடத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நேரத்தில் சும்மா கேட்டால் விடை சொல்லும் ஏஐ. அவர்கள் பயிற்சிக் கணக்குகளில் மற்றவர்களைவிட 48 சதவீதம் மேலாகச் செய்தார்கள். அப்புறம் ஏஐயை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தால், ஏஐயைத் தொடாத பிள்ளைகளைவிட 17 சதவீதம் கீழே போய்விட்டார்கள். தாங்கள் பின்தங்கியது அவர்களுக்கே தெரியவில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது. இன்னொரு பகுதிக்கு வேறு மாதிரி ஏஐ கொடுத்தார்கள். விடையை நேரடியாகச் சொல்லாது, குறிப்பு மட்டும் தரும். ஒவ்வொரு கணக்குக்கும் சரியான தீர்வையும், பிள்ளைகள் வழக்கமாக எங்கே தப்புவார்கள் என்பதையும் ஆசிரியர்களிடம் கேட்டு அதற்கு முன்கூட்டியே கொடுத்துவைத்திருந்தார்கள். அவர்கள் பயிற்சியில் இன்னும் மேலே போனார்கள், பரீட்சையிலும் விழவில்லை.

படித்ததும் நான் கோடு போட்டது ஒரே இடத்தில்தான்: எங்கே தப்புவார்கள் என்பதை ஆசிரியர்களிடம் கேட்டு. அதாவது, தறிக்குத் தகடு மாட்டியிருக்கிறார்கள்.

இந்த ஏஐ இயந்திரம் படித்ததே தப்பு செய்து செய்துதான். அடுத்த சொல் என்ன வரும் என்று ஊகிக்கச் சொல்வார்கள், ஊகம் எவ்வளவு தள்ளிப் போனது என்று அளப்பார்கள், அந்த அளவுக்கு உள்ளே இருக்கும் எண்களைத் துளித்துளியாக நகர்த்துவார்கள். திரும்ப ஊகி, திரும்ப அள, திரும்ப நகர்த்து. கோடிக்கணக்கான தடவை. அத்தனை தப்புக்கும் இடம் கொடுத்து வளர்த்த ஒன்றை வாங்கி, நம் பிள்ளை ஒரு தப்புகூடச் செய்யாமல் இருக்கட்டும் என்று கையில் கொடுக்கிறோம். இதை முதலில் கணக்காக யோசித்தபோது சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

என்னிடம் படித்த ஒரு பெண் திருச்செங்கோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்துப் போனவள். அங்கே ஒரு கம்பெனியில் வேலை. ஏஐக்குப் படம் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிற வேலை என்று சொன்னாள். கொங்குப் பக்கத்துச் சின்ன ஊர்களில் இந்த வேலை வந்து சில வருசம் ஆகிறது. திரையில் ஏதோ வெளிநாட்டுச் சாலை ஓடும். ஒவ்வொரு காரையும், நடந்துபோகிற ஆளையும், கம்பத்தையும் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் கோடு போடவேண்டும். “பனி மூடுன காருன்னா உயிரே போயிருங்க டீச்சர். எது காரு, எது பனி மேடுன்னே தெரியாது. நான் பனியவே கண்ணுல பாத்ததில்ல.” ஏற்காட்டுக்கு மேல் போகாத பெண். அவள் போட்ட கோட்டை வைத்துத்தான் எங்கேயோ ஒரு கார் தானாக ஓடப் பழகுகிறது.

“தப்பாப் போட்டா என்ன பண்ணுவாங்க?”

“அதெல்லாம் உடமாட்டாங்க. நாங்க போட்டத இன்னொருத்தர் பாப்பாங்க, அதுக்கு மேல ஒருத்தர் பாப்பாங்க. ஒரு ஓரம் பிசகுனாலும் திரும்பி வந்துரும்.”

ஒரு இயந்திரம் காரைக் கார் என்று கற்க, படத்துக்கு மூன்று பேர் காவல். என் வகுப்பில் 34 பேருக்கு நான் ஒருத்தி. ஒருவருக்கு ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று 1984இல் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூம் எழுதியதைப் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி சொல்வார்கள். தனியாகச் சொல்லிக்கொடுத்த சராசரிப் பிள்ளை, வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைத் தாண்டியது என்றார். பின்னால் வந்தவர்கள் அவ்வளவு இல்லை என்று குறைத்துவிட்டார்கள். இருந்தாலும் அந்த ஆசை விடுகிறதா? எனக்கும் உண்டு.

அதனால்தான் இந்தச் செயலிகளை ஒரேயடியாகத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பாடப்புத்தகத்தில் 2018இல் க்யூஆர் கட்டம் வந்தது, 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. நல்லதுதான். ஆனால் அவை இரண்டும் பேசும், கேட்காது. கொரோனா வந்தபோது வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். 2020, 2021 இரண்டு வருசமும் பத்தாம் வகுப்பில் எல்லாரும் பாஸ். அந்தப் பள்ளத்தை நாங்கள் இன்னும் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். இப்போது ஒரு பையன் ராத்திரி பத்து மணிக்கு, என்னிடம் கேட்கக் கூச்சப்பட்ட ஒன்றை, போனிடம் ஆறு தடவை கேட்கிறான். ஆறாவது தடவையும் அது பல்லைக் கடிக்காமல் சொல்கிறது. நான் மூன்றாவது தடவையிலேயே, “எத்தனை வாட்டிடா சொல்றது” என்பேன். அதை மறைத்து எழுதினால் நியாயமாகாது.

வீட்டிலும் இதே கதைதான், இரண்டு பக்கமும். வீட்டுக்காரருக்குக் காங்கேயத்துப் பக்கம் தோட்டம். ராத்திரி இரண்டு மணிக்குத் த்ரீ பேஸ் கரண்டு வந்தால், டார்ச் அடித்துக்கொண்டு, பாம்பு கிடக்குமோ என்று தரையைத் தட்டிக்கொண்டே கிணற்றுக்குப் போவார். இப்போது மொபைல் ஸ்டார்ட்டர். படுத்தபடியே போன் அடித்தால் மோட்டார் ஓடுகிறது. இதில் எனக்குப் பிடித்தது போனில் ஓடுவது இல்லை. கிணற்றில் தண்ணி வற்றினாலோ ஒரு பேஸ் போனாலோ அதுவே நிறுத்திவிட்டுத் தகவல் சொல்கிறது. காயில் எரிந்து, மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கட்டுவதற்கு ஓடிய செலவு மிச்சம்.

அம்மா கதை வேறு. எழுபத்தொரு வயசு, போனில் தட்டத் தெரியாது, பேசித்தான் கேட்பார். “கொள்ளு எத்தன நேரம் ஊறோணும்” என்று ஒரு நாள் கேட்டார். அது ‘ஊர் வேணும்’ என்று எழுதிக்கொண்டு ஏதோ ஊருக்குப் பஸ் நேரம் காட்டியது. வீடே சிரித்தது. இயந்திரத்துக்குத் தமிழ் அப்படிச் சுலபமாக வந்த மொழி இல்லை. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோடில் த, ம, மேல்விலங்கு (ி), ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு. பெரும்பாலும் சேமிக்கிற முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொல்லுக்கு ஐந்தே பைட். இணையத்தில் எழுதிக் கிடக்கும் தமிழும் ஆங்கிலத்தோடு பார்த்தால் கொஞ்சம். அதிலும் ‘ஊறோணும்’ என்று எவர் எழுதிவைத்தார்? சென்னை ஐஐடியில் இந்திய மொழிகளுக்கு ஏஐ செய்கிற ஏஐ4பாரத் குழுவினர் மாவட்டம் மாவட்டமாகப் பேச்சைப் பதிந்து சேர்க்கிறார்கள், அதனால் இனிமேல் தேறலாம்.

ஆனால் அதற்குள் அம்மா மாறிவிட்டார். போனிடம் பேசும்போது மட்டும் முதுகை நிமிர்த்தி, செய்தி வாசிக்கிறவர் மாதிரி, “கொள்ளு எவ்வளவு நேரம் ஊற வேண்டும்?” என்று கேட்கிறார். தப்பாகக் கேட்டது போன். திருந்தியது அம்மா. எனக்கு இது சிரிப்பாக இல்லை. அந்தப் பதினொரு தாளில் அழித்திருந்த மைனஸ்தான் ஞாபகம் வந்தது.

அந்தப் பரீட்சைக்கு மறுநாள் வகுப்பில் உண்மையைச் சொன்னேன். செயலியிடம் வாங்கினேன், சரிபார்க்காமல் போட்டேன் என்று. மைனஸ் சொன்ன பிள்ளையைப் பலகைக்குக் கூப்பிட்டு அந்த இரண்டு வில்லையும் பெரிய காம்பஸால் போடச் சொன்னேன். தொடாத வில்லைப் பார்த்துப் பின் பெஞ்சில் ஒருவன், “அப்ப கோட்டைச் சின்னதாக்குனா தொடுமுங்களா?” என்றான். எவ்வளவு சின்னதாக்க வேண்டும் என்று கேட்டேன். பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தால் வில்கள் கோட்டின்மேலேயே தொட்டன. முக்கோணம் படுத்துவிட்டது, பரப்பளவு சுழி. பதினொன்றுக்கு எழுந்து நின்றது. அன்றைக்கு நடத்திய முக்கால் மணி நேரத்தை என் சர்வீசில் நல்ல வகுப்புகளில் ஒன்றாக வைப்பேன். அதற்குக் காரணமான கேள்வி இயந்திரத்தின் தப்பு.

அதற்குப் பிறகு வீட்டுப்பாடத்துக்கு ஒரு சட்டம் போட்டேன். ரப்பர் கூடாது. தப்பினால் ஒரே ஒரு கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதவேண்டும், அடித்தது படிக்கத் தெரியவேண்டும். ஏஐயிடம் கேட்டாலும் பரவாயில்லை, கேட்பதற்கு முன்னால் நீ போட்டது எனக்கு வேண்டும். முதல் வாரம் அம்மாக்கள் இரண்டு பேர் வந்து, நோட்டு அசிங்கமாக இருக்கிறது என்று சண்டை பிடித்தார்கள். அசிங்கமாகவே இருக்கட்டும் என்று அனுப்பிவைத்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு பையனின் நோட்டு வந்தது. அழகான அடித்தல்கள், கணக்குக்கு இரண்டு. நாலாவது கணக்கில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதி, அடித்து, பக்கத்தில் ஆறில் ஐந்து என்று திருத்தியிருந்தது. எனக்கு அந்தப் பையனை ஆறாம் வகுப்பிலிருந்தே தெரியும். பின்னத்தில் அவன் புலி. அவன் விழுகிற இடமே வேறு. அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் இருந்தால் உள்ளே இருக்கும் இரண்டாவது உறுப்புக்குக் குறி மாற்ற மறந்துவிடுவான், ஒவ்வொரு தடவையும். அந்த மாதிரி இடம் நோட்டில் மூன்று இருந்தது. மூன்றும் சுத்தமாக, சரியாக இருந்தன.

கூப்பிட்டு நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.

“இது யாரு தப்புடா சாமி?”

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். அப்புறம் சிரித்துவிட்டான்.

“கணக்குக்கு ரெண்டு தப்பு வெச்சுக் குடுன்னு அதுகிட்டயே கேட்டனுங்க டீச்சர். எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?”